ஆடற் பள்ளியைத் தேர்தல்

மேலை நாட்டு ஆடற்கலையாகிய பாலே என்றதும் நாம் பெரும்பாலும் அரங்கின்மேல் நிற்பவரையே நினைக்கிறோம். வெண்ணிற ஆடையும், கால்விரல் நுனியில் நிற்கும் நிலையும், காற்றில் ஒரு கணம் தங்கிவிடுவது போன்ற தாவலும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் அந்த அரங்கிற்குப் பின்னால் ஒரு பள்ளி இருக்கிறது. அப்பள்ளியின் வாயிலில் 10 வயதோ 15 வயதோ ஆன பிள்ளையின் கையைப் பிடித்தபடி ஒரு தாயோ தந்தையோ நிற்கிறார். இந்தப் பள்ளியில் விடுவதா, அடுத்த நகரத்துப் பள்ளியில் விடுவதா என்பது அவர் நெஞ்சில் உள்ள வினா. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வரும் அந்த வினாவைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

மற்றக் கல்விகளைப் பற்றி எழும் வினாவைப் போன்றதன்று இது. மருத்துவமோ சட்டமோ பயில விரும்பும் இளைஞன் 17 வயதில் முடிவு செய்தால் போதும்; முடிவு பிழைத்தாலும் 20 வயதில் வேறு வழி காணலாம். பாலே அத்தகைய அவகாசம் தருவதில்லை. இரு கால்களையும் இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்புறமாகத் திருப்பி நிற்பது அக்கலைக்கு அடிப்படை. எலும்பும் தசைநாரும் இளமையாய் இருக்கும்போதே அப்பழக்கம் உடலில் ஊறிவிட வேண்டும். பெண்பிள்ளைகள் கால்விரல் நுனியில் நிற்கத் தொடங்குவது பெரும்பாலும் 11, 12 வயதளவில். பாதமும் கணுக்காலும் உரம் பெறுமுன் தொடங்கினால் கேடு விளையும், மிகத் தாழ்த்தினாலோ உடல் வளையாது. நாற்பது வயதை அடையும்போது அரங்க வாழ்வு பெரும்பாலோர்க்கு முடிந்துவிடுகிறது. ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரசன் முன் அரங்கேறிய மாதவியைச் சிலப்பதிகாரத்திற் கண்டவர்க்கு இந்த அவசரம் புதுமையாகத் தோன்றாது.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. 11 வயதில் ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் உடல், 16 வயதில் அவர் முன் நிற்கும் உடலன்று. இடையில் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. எதிர்பார்த்ததைவிட நெடிதாகலாம், முதுகு விறைக்கலாம், தோள் அகலலாம். பிள்ளை செய்த குற்றம் எதுவும் இல்லாமலேயே, 'உனக்கு இனி இங்கே இடமில்லை' என்ற சொல் வரலாம். பள்ளிகள் தம் பெருமையைக் கூறும்போது தாம் உருவாக்கிய பெரும் கலைஞர்களின் பெயர்களையே வரிசையாகக் கூறும். இவ்வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்தப் பெயர் வரிசை ஒரு பள்ளியை அறிவதற்கு நல்ல வழியன்று என்ற எண்ணம் என்னுள் வலுத்துவிட்டது. நடுவிலே அனுப்பப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? அதைக் கேட்டால்தான் பள்ளியின் இயல்பு தெரிகிறது.

தொடக்கம் பிரான்ஸில். தானே ஆடுவதில் பெருவிருப்புக் கொண்டிருந்த பதினான்காம் லூயி மன்னன் 1661-இல் ஆடற்கலைக்கென ஓர் அவையை நிறுவினான். பாரிஸ் ஆப்பெரா அரங்கிற்கு உரிய பயிற்சிப் பள்ளி 1713-இல் தோன்றியது. இன்று உலகில் இயங்கும் பாலே பள்ளிகளுள் முதுமை வாய்ந்தது அதுவே. அரசன் அமைத்தது என்பதால் அரசர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே பயின்றனர் என்று எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பள்ளியை நிறைத்தவர்கள் பாரிஸ் நகரத்து ஏழைக் குடும்பங்களின் சிறுமியர். 'குட்டி எலிகள்' என்று நகரத்தார் அவர்களை அழைத்தனர். அந்தத் தாய்மார்கள் பள்ளியைத் தேர்ந்தது கலையார்வத்தால் மட்டும் அன்று. மகளுக்குச் சிறு ஊதியம் கிடைக்கும் என்பதாலும்தான்.

அவ்வெலிகளுள் ஒருத்தியை உலகம் முழுவதும் அறியும். ஆனால் பெயரால் அறிந்தவர் சிலரே. மரீ வான் கோத்தெம் என்பது அவள் பெயர். 1865-இல் பிறந்தவள். தாய் சலவைத் தொழில் செய்தவர். ஓவியர் எட்கார் தெகா அவளை நிறுத்தி வைத்து மெழுகில் ஓர் உருவம் செய்தார். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம், உண்மைத் துணியாலான பாவாடை, பின்னலில் உண்மைப் பட்டு நாடா. 1881-இல் அது கண்காட்சிக்கு வந்தபோது, அம்முகம் கீழ்மையைக் காட்டுகிறது என்று திறனாய்வாளர் சிலர் எள்ளி எழுதினர். அடுத்த ஆண்டே, வகுப்புகளுக்கு ஒழுங்காக வரவில்லை என்று ஆப்பெரா அவளை நீக்கிவிட்டது. அவளுக்கு அப்போது 17 வயது. அதன் பின் வரலாற்றேடுகளில் அவள் சுவடு இல்லை. இன்று அவள் வார்ப்புருவங்கள் பெரும் நகரங்களின் காட்சிக்கூடங்களில் நிற்கின்றன. அவளை நீக்கிய நிறுவனமோ, எங்கே போவாய் என்று அவளைக் கேட்டதாகக் குறிப்பு ஏதும் காணோம்.

அவள் உடன்பிறந்தார் இருவர். மூத்தவள் களவுக் குற்றத்திற்காகச் சிறை சென்றாள். இளையவளோ அதே பள்ளியில் பயின்று, அரங்கில் நெடுங்காலம் ஆடி, பின்னர் அங்கேயே ஆசிரியையாகவும் விளங்கினாள். ஒரே வீடு, ஒரே தாய், ஒரே பள்ளி. நல்ல பள்ளியைத் தேர்ந்துவிட்டால் எல்லாம் நலமாய் முடியும் என்று கருதுவோர் இம்மூவரையும் ஒருங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

ரஷ்யாவில் நிகழ்ந்தது வேறு. 1738-இல் அன்னா பேரரசியின் ஆணைப்படி, ழான் பத்தீஸ்த் லாந்தே என்ற பிரெஞ்சு ஆசிரியர் பீட்டர்ஸ்பர்க் அரண்மனையில் 12 சிறுவரையும் 12 சிறுமியரையும் கொண்டு ஒரு பள்ளி தொடங்கினார். அரண்மனைப் பணியாளரின் பிள்ளைகளே அவர்கள். மாஸ்கோ நகரத்துப் பள்ளியின் வேர் இன்னும் எளிய இடத்தில் இருக்கிறது. 1773-இல் அங்கிருந்த அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் நடனம் கற்பிக்கத் தொடங்கியதே அதன் பிறப்பு. அப்பிள்ளைகளுக்காகத் தேர்வு செய்யத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அரசே தேர்ந்தது, அரசே உணவும் உடையும் உறையுளும் தந்தது, கற்றபின் அரசின் அரங்கிலேயே வேலையும் தந்தது.

பீட்டர்ஸ்பர்க் பள்ளி 1836 முதல் நிலைபெற்றிருக்கும் தெருவைக் கட்டடக் கலைஞர் ரோஸி வகுத்தார். அத்தெருவின் அகலம் 22 மீட்டர், இருமருங்கும் உள்ள கட்டடங்களின் உயரமும் 22 மீட்டர், நீளம் 220 மீட்டர். ஆடற் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான தெரு அமைவது அரிது என்பேன்! ஜார் மன்னர் காலத்தில் இப்பள்ளிக்குள் ஒரு பிள்ளை நுழைந்துவிட்டால் குடும்பத்தின் கவலை பாதி தீர்ந்தது எனலாம். அதனால்தான் சலவைத் தொழில் செய்த ஓர் ஏழைத் தாயின் மகளாகிய அன்னா பாவ்லோவா அங்கே செல்ல முடிந்தது. முதல் முறை வயது போதாதென்று திருப்பி அனுப்பினர்; 1891-இல், 10 வயதில், ஏற்றுக்கொண்டனர். ஜார்ஜ் பாலன்சின் சென்றதோ இன்னும் வேடிக்கையான வகையில். 1913-இல் தாய் தேர்வுக்கு அழைத்து வந்தது தமக்கையை. உடன் வந்த 9 வயதுச் சிறுவனையும் தேர்வில் நிற்க வைத்தனர், அவன் எடுக்கப்பட்டுவிட்டான். கடற்படைப் பள்ளியில் சேர வேண்டியவன், தொடக்க நாட்களிலேயே ஆடற் பள்ளியை விட்டு உறவினர் வீட்டுக்கு ஓடிப்போனான். திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஆடலமைப்பாளருள் ஒருவர், தானாகத் தேர்ந்திராத பள்ளியிலிருந்து வந்தவர்!

பாவ்லோவாவைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1920-களின் இறுதியில் பாவ்லோவாவின் நடனத்தைக் கண்டு மயங்கிய ருக்மிணி தேவி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்கத் தொடங்கினார். உன் நாட்டின் கலையைத் தேடிச் செல் என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவாவே. 1936-இல் அடையாற்றில் தோன்றிய கலாக்ஷேத்திரத்தின் வரலாற்றில் அந்த அறிவுரைக்கும் ஓர் இடம் உண்டு. தன் கலைக்கு ஒரு மாணவியைச் சேர்த்துக்கொள்வதினும், அவளுக்கு உரிய வேறிடத்தைக் காட்டுவது கடினமான ஆசிரியத் தொழில்.

இனி, இரண்டு பள்ளிகளுக்கிடையே உண்மையிலேயே நின்ற ஓர் இளைஞனைக் காண்போம். 1938-இல், ஓடுகின்ற ரயில்வண்டியில், சைபீரியப் பாதையில் பிறந்தவர் ருடால்ஃப் நூரெயெவ். யூஃபா என்னும் தொலைதூர நகரில் வறுமையில் வளர்ந்தார். போர்வீரரான தந்தைக்கு மகன் ஆடுவது அறவே பிடிக்கவில்லை. முன்னாளில் பெருநகர அரங்குகளில் ஆடிய மூதாட்டி ஒருவர் அவ்வூரில் வாழ்ந்தார். சிறுவனுக்கு முதற்பாடம் சொல்லிக்கொடுத்து, பீட்டர்ஸ்பர்க் பள்ளியின் பெயரை அவன் நெஞ்சில் விதைத்தவர் அவரே. 1955-இல், தம் 17 வயதில், பாஷ்கிரியக் கலைஞருடன் மாஸ்கோ கலைவிழாவிற்குச் செல்லும் வாய்ப்பு நூரெயெவுக்குக் கிட்டியது. அங்கே போல்ஷோய் அரங்கைச் சார்ந்த பள்ளி அவரை ஏற்க முன்வந்தது. பிறர் 10 வயதில் தொடங்கும் பாடத்தை 17 வயதில் தொடங்க வந்தவர்க்கு இது எத்தகைய பேறு! ஆயினும் அவர் அங்கே சேரவில்லை. அன்று லெனின்கிராட் என வழங்கிய பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் புறப்பட்டார்.

காரணம் யாது? லெனின்கிராட் பள்ளியே சிறந்தது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது உண்மை. அதனோடு மிக எளிய காரணம் ஒன்றும் சேர்ந்தது. மாஸ்கோப் பள்ளியில் வெளியூர் மாணவர் தங்க விடுதி இல்லை; லெனின்கிராட் பள்ளியில் இருந்தது. தங்க இடமில்லாத ஏழை இளைஞன் மாஸ்கோவில் எங்கே படுப்பான், எதை உண்பான்? கலை வரலாறு எழுதுவோர் இவ்விரு நகரங்களின் ஆடல் முறைகளை ஒப்பிட்டுப் பக்கம் பக்கமாக எழுதுவர்: மாஸ்கோவின் முறை வீறு மிக்கது, பீட்டர்ஸ்பர்க்கின் முறை தூய்மை மிக்கது என்று. நானும் அவற்றை விரும்பிப் படிப்பவனே. ஆனால் நூரெயெவின் வாழ்வில் ஒரு கட்டிலும் ஒரு கிண்ணம் கஞ்சியும் அவ்விவாதத்தின் தட்டிலே கனத்து நின்றன. பள்ளியைத் தேர்வோர் முதலில் விடுதியைப் பார்க்க வேண்டும் என்று நான் கூறினால் அது கலையைத் தாழ்த்துவதாகாது.

லெனின்கிராட் பள்ளியில் அவரைச் சோதித்த ஆசிரியை வேரா கோஸ்த்ரோவிட்ஸ்காயா, நீ பெரும் ஆட்டக்காரனாகலாம், அல்லது முற்றும் தோற்றுப் போகலாம், தோற்பதே நடக்கக்கூடியது என்னும் பொருள்படச் சொன்னார் என்பர். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லி, அதன் பின்னும் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. முதலில் வைத்த வகுப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. வகுப்பை மாற்றக் கேட்டு, அலெக்சாந்தர் புஷ்கினிடம் சேர்ந்தார். புஷ்கின் குரல் உயர்த்திப் பேசாதவர். பிழையை மாணவனே கண்டுகொள்ளும்படி பாடத்தை அமைப்பவர். பின்னர் தம் இல்லத்திலேயே மாணவனுக்கு இடமளித்தார். நம் குருகுல முறையை அறிந்தவர்க்கு இது விளங்கும். 1958-இல் நூரெயெவ் தேர்ச்சி பெற்றபோது மாஸ்கோவும் அழைத்தது, லெனின்கிராடும் அழைத்தது. மீண்டும் லெனின்கிராடையே அவர் தேர்ந்தார். 1961 ஜூன் 16-ஆம் நாள் பாரிஸ் விமான நிலையத்தில் அவர் தம் நாட்டைத் துறந்த செய்தி அனைவரும் அறிந்ததே. ரீகாவிலிருந்து 1964-இல், 16 வயதில் வந்த இன்னொரு மாணவரையும் அதே புஷ்கின் உருவாக்கினார். அவர் பெயர் மிகயில் பாரிஷ்னிகோவ். இருவருமே மற்றவரினும் காலந்தாழ்த்து அப்பள்ளியில் நுழைந்தவர்கள். பள்ளியின் பெயரைப் பார்த்துச் சேர்ந்தவர்களை நிலைநிறுத்தியவர் ஓர் ஆசிரியர் என்பதை இங்கே மறக்கலாகாது. பெற்றோர் பள்ளியைத் தேரலாம். ஆசிரியரைத் தேரும் உரிமை பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இப்பள்ளி இன்று அக்ரிப்பினா வகானோவாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1921 முதல் அங்கே கற்பித்து, 1934-இல் தம் முறையை நூலாக வெளியிட்டவர் அவர். ஒரு பாடமுறை நூல்வடிவம் பெற்றபின் அது ஊர்விட்டு ஊர் சென்றது. டென்மார்க்கில் பூர்னோன்வில் முறை, இத்தாலியரான செக்கெட்டியின் முறை, அமெரிக்காவில் பாலன்சினின் விரைவு முறை என்று வேறு வேறு ஆறுகளும் ஓடுகின்றன. 11 வயதுப் பிள்ளைக்கு இவ்வேறுபாடு அவ்வளவாகப் பொருட்டன்று. 15 வயதில் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பிள்ளைக்கோ அது பெரும் சுமை. கற்றதை உடல் எளிதில் மறப்பதில்லை.

இங்கிலாந்தில் அரசின் பள்ளி என ஒன்றும் இல்லாத காலத்தில் நினெட் டி வால்வா என்ற பெண்மணி 1926-இல் லண்டனில் சிறிய பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். இன்றைய ராயல் பாலே பள்ளிக்கு அதுவே வித்து. 1931-இல் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் அவர் குழு நிலைபெற்றது. ஷாங்காய் நகரில் ஒரு ரஷ்ய ஆசிரியரிடம் ஆடல் பயின்ற பெக்கி ஹூக்கம் என்ற சிறுமியை, 1933-இல் அவள் தாய் லண்டனுக்கு அழைத்து வந்தார். அவளுக்கு 14 வயது. முதலில் அஸ்தாஃபியேவா என்னும் ரஷ்ய அம்மையாரிடம் தனி வகுப்பில் சேர்த்தார். அந்த இடம் மகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. தாயோ அங்கிருந்து அவளை எடுத்து டி வால்வாவின் பள்ளியில் சேர்த்தார். மகளுக்கு மனமில்லை. தாயின் கணக்கு வேறு. தனி ஆசிரியர் கலையைத் தருவார். ஆடுவதற்கு அரங்கைத் தர அவரால் இயலாது. பள்ளிக்குப் பின்னால் ஒரு குழு, குழுவுக்குப் பின்னால் ஓர் அரங்கு, இப்படி ஒரு தொடர் இருந்தால்தான் கற்றது வாழ்வாகும். அச்சிறுமியே பின்னர் மார்கட் ஃபான்டெய்ன் என்னும் பெயரால் அறியப்பட்டவர். 1962-இல் லண்டனில் நூரெயெவுடன் இணைந்து ஆடியபோது அவருக்கு 42 வயது, அவர்க்கோ 23. தாயின் தேர்வும், விடுதிக்காக நகர் மாறிய இளைஞனின் தேர்வும் அன்று ஒரே மேடையில் சந்தித்தன.

டி வால்வாவின் செயல்களில் நான் பெரிதும் மதிப்பது வேறொன்று. 1947-இல் அவர் பள்ளியில் ஆடற் பயிற்சியோடு பொதுக் கல்வியையும் இணைத்தார். 1955-இல் ரிச்மண்ட் பூங்காவில் இரண்டாம் ஜார்ஜ் மன்னனுக்காகக் கட்டிய வேட்டை மாளிகையாகிய ஒயிட் லாட்ஜ், 11 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகள் உண்டு உறைந்து பயிலும் இடமாயிற்று. பொதுக் கல்வி எதற்கு? ஆடுபவர்க்கு அறிவு வேண்டும் என்பது ஒரு விடை. ஆட முடியாமற் போகும் பிள்ளைக்குக் கைப்பிடிக்க ஏதாவது வேண்டும் என்பது மற்றொரு விடை. இரண்டாவதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. அங்கும் ஆண்டுதோறும் மதிப்பீடு நடந்து வந்தது. அதில் தேறாத பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போயினர். ஆனால் அவர்கள் கணக்கும் இலக்கியமும் கற்றவர்களாகப் போனார்கள். மரீ வான் கோத்தெம்முக்குக் கிடைக்காதது அது.

பாரிஸ் பள்ளியும் காலப்போக்கில் மாறியது. குளோத் பெஸ்ஸியின் தலைமையில் 1987-இல் அது நகரை அடுத்த நாந்தேருக்குக் குடிபெயர்ந்தது. ஆடற்கூடமும் பாடசாலையும் விடுதியும் அங்கே ஒரே வளாகத்தில் அமைந்தன. இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று இதற்கு!

போரின் கொடுமை ஒரு பெண்ணின் தேர்வில் எவ்வாறு புகுந்தது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஹாலந்தில் போர்க்காலப் பட்டினியைத் தாங்கி வளர்ந்த ஆட்ரி ஹெப்பர்ன் 1948-இல் உதவித்தொகை பெற்று லண்டனில் மரீ ராம்பெர்ட்டின் பள்ளிக்கு வந்தார். உயரமும், பட்டினியால் நலிந்த உடலும் அவரைத் தலைமை ஆட்டக்காரியாக விடமாட்டா என்று ராம்பெர்ட் அவரிடம் ஒளிக்காமல் கூறிவிட்டார். அவர் நாடக மேடைக்குத் திரும்பினார். அங்கிருந்து திரைக்கும் சென்றார். காலத்தில் சொல்லப்பட்ட கடுமொழி சிலவேளை பெரும் உதவியாகிறது. இருபத்தைந்து வயதுவரை 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று இழுத்து வைக்கும் பள்ளியைவிட இது மேல் அல்லவா?

அமெரிக்காவில் பாலன்சின் கால் வைத்தபோது, அவரை அழைத்த லிங்கன் கர்ஸ்டைன் ஓர் ஆடற்குழுவை எதிர்பார்த்தார். பாலன்சினோ, முதலில் ஒரு பள்ளி வேண்டும் என்றார். 1934 ஜனவரி 2-ஆம் நாள் அப்பள்ளி நியூயார்க்கில் திறக்கப்பட்டது. பல்லாண்டுக் காலம் அதற்கு விடுதி இல்லை. ஆகவே பிள்ளை தேர்வானால் குடும்பமே பெயர்ந்து வர வேண்டியதாயிற்று. 1960-இல் சின்சினாட்டியிலிருந்து சூசன் ஃபாரெல் என்ற 15 வயதுப் பெண்ணுக்காகத் தாயும் மற்றொரு மகளும் நியூயார்க்கிற்குக் குடிவந்தனர். அடுத்த ஆண்டே அவர் பாலன்சினின் குழுவில் சேர்ந்தார், கதை வெற்றியாயிற்று. இவ்வாறே பெட்டி கட்டி வந்து, ஓராண்டில் மீண்டும் பெட்டி கட்டிய குடும்பங்களைப் பற்றி எந்த வரலாற்று நூலும் எழுதவில்லை. 1963-இல் ஃபோர்டு அறநிறுவனம் 70 லட்சம் டாலருக்கு மேல் அமெரிக்க பாலேக்கு வழங்கியது. பல ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை அதனாற் கிடைத்தது.

அப்பள்ளியின் வாயிலில் 1952-இல் நின்ற ஓர் இளைஞரைப் பற்றி விரிவாகக் கூற விழைகிறேன். ஆர்தர் மிட்செல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிற் பிறந்த கறுப்பின இளைஞர். நவீன நடனம் பயிலக் கல்லூரி ஒன்று உதவித்தொகையுடன் அவரை அழைத்தது. பாலன்சினின் பள்ளியும் உதவித்தொகை தர முன்வந்தது. கறுப்பினத்தார் பாலே ஆட இயலாது, அவர்கள் உடலே அதற்கு இசையாது என்று நம்பியோர் மிகுந்திருந்த காலம் அது. நவீன நடனத்தின் கதவு அகலத் திறந்திருந்தது. பாலேயின் கதவு சிறிதே திறந்திருந்தது. 18 வயது இளைஞர் சிறிதே திறந்த கதவைத் தேர்ந்தார். 1955-இல் நியூயார்க் நகர பாலே குழுவில் இடம்பெற்று அதன் முதன்மை ஆட்டக்காரருள் ஒருவரானார். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டபின், தாம் பிறந்த பகுதிக்கே திரும்பி, தம் ஆசிரியர் கேரல் ஷூக்குடன் 1969-இல் ஒரு பள்ளியையும் ஆடற்குழுவையும் நிறுவினார். முப்பது பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பு, சில திங்களில் நானூறு பிள்ளைகளாகப் பெருகியது. வண்டிக் கொட்டகை ஒன்றைச் செப்பனிட்டு, அதிலே வகுப்பு நடத்தினர். வந்தோர் அனைவரும் ஆட்டக்காரராவார் என்று அவர் எண்ணவில்லை. ஒழுங்கும் தன்மதிப்பும் ஆடற்கூடத்திலிருந்து தெருவுக்கும் வீட்டுக்கும் செல்லும் என்பதே அவர் நம்பிக்கை. பெரும்பாலோர் ஆட்டக்காரராகப் போவதில்லை என்பதை முதலிலேயே கணக்கிற் கொண்டு அமைத்த பள்ளி அது.

கியூபாவில் தந்தை ஒருவர் செய்த தேர்வு இதைவிட எளியது. ஹவானாவில் சரக்கு வண்டி ஓட்டிய ஒருவர்க்குப் பிள்ளைகள் பதினொருவர். கடைக்குட்டி கார்லோஸ் அகோஸ்தா 1973-இல் பிறந்தவன். தெருவிலே திரியாமல் இருக்கவும், மதிய உணவு கிடைக்கவும் அவனை அரசின் பாலே பள்ளியிற் சேர்த்தார். பையனுக்கோ காற்பந்தின் மீதே ஆசை. வகுப்புக்கு வாராமல் திரிந்ததால் பள்ளி அவனை விலக்கியது. பின்பு பினார் டெல் ரியோ மாகாணத்துப் பள்ளியில் தங்கிப் பயின்றான். தேசியக் குழுவின் ஆட்டத்தைக் கண்டபின் மனம் மாறினான். 1990-இல் லோசான் போட்டியில் தங்கப் பதக்கம். பின்னர் லண்டனில் ராயல் பாலே. 2020-இல் பர்மிங்காம் ராயல் பாலேயின் இயக்குநர் பதவி. ஒரு பள்ளி விலக்கிய பிள்ளையை அதே நாட்டின் மற்றொரு பள்ளி ஏற்றது. மரீ வான் கோத்தெம்முக்கு அந்த இரண்டாம் கதவு இல்லை.

இவ்வளவு கூறியபின் கசப்பான செய்தி ஒன்றையும் மறைப்பது முறையன்று. ஆடற் பள்ளியில் கடுமை என்பது பிள்ளையின் உடலையும் உள்ளத்தையும் புண்படுத்துவதாக மாறுவதுண்டு. பெரும்புகழ் வாய்ந்த வியன்னா அரசு ஆப்பெராவின் பாலே பள்ளியைப் பற்றி 2019-இல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அரசு அமைத்த தனிக்குழு, பிள்ளைகளின் நலம் அங்கே போதிய அளவு காக்கப்படவில்லை என்று அவ்வாண்டின் இறுதியில் அறிக்கை தந்தது. உடல் மெலிவை அழகென்று போற்றும் கலையில் உணவே பகையாகிவிடும் ஆபத்து என்றும் உண்டு. ஆகவே பள்ளியைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் ஆடற்கூடத்தின் தரையை மட்டும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. உணவுக்கூடத்தில் பிள்ளைகள் தட்டில் என்ன இருக்கிறது, அதை உண்கிறார்களா, காயமுற்ற பிள்ளை யாரிடம் செல்கிறாள், சென்ற ஆண்டு அனுப்பப்பட்ட பிள்ளைகள் இப்போது எங்கே பயில்கிறார்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும். நான்காம் வினாவுக்குத் தடுமாறாமல் விடை தரும் பள்ளி, மற்ற மூன்றுக்கும் பெரும்பாலும் நல்ல விடையே வைத்திருக்கும் என்பது என் துணிபு.

இக்காலத்தில் இத்தேர்வுக்கென்றே ஓர் அரங்கு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிரவுன்ஷ்வைக் தம்பதியர் 1973-இல் தொடங்கிய போட்டி அது. 15 முதல் 18 வயதுவரை உள்ள இளையோர் பல நாடுகளிலிருந்தும் குளிர்காலத்தில் அங்கே வருகின்றனர். வெற்றி பெற்றோர்க்குப் பரிசு, பயிற்சிக்கான உதவித்தொகை. அதைக்கொண்டு, போட்டியோடு இணைந்த பள்ளிகளுள் எதற்குச் செல்வது என்பதை அவர்களே தேர்ந்துகொள்ளலாம். 1713-இல் பாரிஸ் தாய்க்கும், 1773-இல் மாஸ்கோ அநாதைக்கும், 1955-இல் யூஃபா இளைஞனுக்கும் இல்லாத உரிமை அது. போட்டிக்கு நடுவே ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பில் எவ்வாறு பயில்கிறது என்பதையும் நடுவர்கள் பார்த்து மதிப்பிடுகின்றனர்.

அங்கே நடக்கும் மற்றொரு நிகழ்ச்சிக்குச் செய்தித்தாள்களில் அவ்வளவாக இடம் கிடைப்பதில்லை. இறுதிச் சுற்றுக்குத் தேறாத பிள்ளைகளுக்கென்று ஒரு கூட்டம் ஏற்பாடு செய்யப்படுகிறது. பல நாட்டுப் பள்ளித் தலைவர்களும் ஆடற்குழுத் தலைவர்களும் அங்கே அப்பிள்ளைகளைச் சந்திக்கின்றனர். மேடையில் பெயர் அழைக்கப்படாத பிள்ளைகளுள் சிலர், எந்த ஊருக்கு எப்போது வந்து சேர வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.